இரண்டு போர்வை தாங்கும் மெஷின்

மே 26

என் வாயாடித் தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதும் கடுதாசி. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் உன் செவிட்டுக் காதுக்குள் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நம் வீட்டுச் சமாசாரம் முழுக்க எதிர்வீட்டுக்காரனுக்குத் தெரிந்துபோனது. அதனால்தான் கடுதாசி. நம் இரண்டு பேருக்கும் எழுத்து வாசனை கிடையாது. எனக்கு எழுதப் பேத்தி இருக்கிறாள், உனக்கு உன் மகன் இருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். இவள் பன்னிரண்டாவது தேறிவிட்டாள். எக்ஸ்ரே எடுக்கும் படிப்புத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று அரசாங்க ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளிக்கூடம். தூரம், ஹாஸ்டல், இரண்டு வருஷம், இடம் கிடைத்தால் உண்டு. இன்னொன்று உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் உன் மகன் நடத்துகிற கல்லூரி. ஒரே வருஷம், உன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். என் மகனும் மருமகளும் வழவழ காகிதத்தில் அச்சடித்த உன் மகனின் நோட்டீசைப் பார்த்ததும் மயங்கிவிட்டார்கள். "வயசுப் பொண்ணு சொந்த அத்தை வீட்ல இருந்தா நிம்மதியா தூங்கலாம்பா" என்கிறான் என் மகன்.

எனக்கு அந்த நோட்டீஸ் வேண்டாம். நீ ஒன்று மட்டும் சொல். அங்கே படிக்கிற பிள்ளைகள் ஓடுகிற மெஷினில் கை வைத்து, உயிருள்ள மனிதனைப் படுக்க வைத்துப் படம் எடுக்கிறார்களா?

ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணி குளியலறையில் விழுந்த அன்று, எக்ஸ்ரே ரூமில் நீ அவள் தலைமாட்டில் நின்றாய். கால் நேராக இருந்தால்தான் படம் விழும் என்று அந்த டெக்னீஷியன் பிடித்து இழுத்தான். விரிசலாக இருந்த எலும்பு இரண்டாகப் போன சத்தத்தை நீயும் கேட்டாய். அப்போது உனக்குக் காது நன்றாகவே கேட்டது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "எவன்டா உனக்கு இந்த வேலைய சொல்லிக் குடுத்தான்?" என்றேன். "போர்டுல வரைஞ்சு காட்டுனாங்கய்யா, தொட விடல" என்றான். அழுதுவிட்டான். அதற்குப் பிறகு உன் அண்ணி நடக்கவில்லை.

என் பேத்தி இன்னொருத்தன் பொண்டாட்டி காலை அப்படி இழுக்கக் கூடாது. அவ்வளவுதான். சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணன்


ஜூன் 9

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நலம், தங்கள் நலம் அறிய ஆவல். தங்கள் கடிதத்தை என் மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். தங்கள் பேத்தி இத்துறையைத் தேர்ந்தெடுத்தமை பெருமகிழ்ச்சி அளிக்கிறது. எங்கள் கல்லூரி குளிரூட்டப்பட்ட வகுப்பறைகளும் கண்காணிப்புக் கேமராவும் கொண்டது. மாணவ மாணவியர் டை, ஷூ இன்றி உள்ளே நுழைய முடியாது. ஒழுக்கமே எங்கள் உயிர்மூச்சு. வெளிநாட்டுத் தயாரிப்பான எக்ஸ்ரே இயந்திரம் தனி அறையில் நிறுவப்பட்டுள்ளது. இடங்கள் வேகமாக நிரம்பி வருவதால் விரைந்து முடிவெடுப்பது நலம்.

(இனி வருவதை அம்மா எழுதியே ஆக வேண்டும் என்கிறார்.) இங்கே விடாத மழை. துணி காயவே இல்லை. அதனால் மெஷின் ரூமில்தான் காயப் போடுகிறேன். அந்த மெஷினுக்கு நீளமாக ஒரு கை இருக்கிறது, கொடி மாதிரி. நன்றாகக் காய்கிறது அண்ணா.

தங்கள் அன்பை நாடும் தங்கை


ஜூன் 20

தங்கச்சிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான்.

யார் அந்தப் பெருமதிப்பிற்குரியவர்? நம் தெருவில் அப்படி ஒருத்தரும் கிடையாது. எனக்கு மொட்டையடித்த வருஷத்திலிருந்து நீ என்னை மொட்டை என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். என் கல்யாணப் பந்தியில், பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், "மொட்டைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்று சொன்னவள் நீ. இப்போது 'தங்கள்' என்கிறாய். மருமகனே, இதை நீதானே வாசிக்கிறாய், நன்றாக வாசி. என் தங்கச்சி பேசியதை எழுது. உன் நோட்டீசைத் திருப்பி எழுதாதே.

நான் டை கேட்டேனா? ஷூ கேட்டேனா? கேட்டது ஒரே கேள்வி. அதை விட்டுவிட்டு ஊர்க் கதை எல்லாம் வந்திருக்கிறது. நீயும் உன் பங்குக்குத் துணி காயவில்லை என்கிறாய். உன் ஈரத்துணியைப் பற்றி இங்கே யார் கேட்டது? ஒரு பெண்ணின் பிழைப்பைப் பற்றிக் கேட்டால் கொடியில் கிடக்கிற பாவாடையைப் பற்றிப் பேசுகிறாய். வயதானால் புத்தி இப்படியா மழுங்கும்?

இவள் எழுத மாட்டேன் என்கிறாள். "பாட்டிய இப்படி திட்டாதீங்க தாத்தா." எழுதுடி என்றேன். எழுதிவிட்டாள்.

ஆமாம், இல்லை. இரண்டில் ஒன்று சொல்.

அண்ணன்


ஜூலை 7

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நலம். தங்கள் கோபம் தணிந்திருக்கும் என நம்புகிறேன். தங்கள் ஐயத்தைப் போக்க ஒரு புகைப்படம் இணைத்துள்ளேன். எங்கள் மாணவர்கள் வெள்ளைக் கோட்டு அணிந்து இயந்திரத்தின் அருகில் நிற்பதைக் காணலாம். கதிர்வீச்சிலிருந்து காக்கும் ஈயக் கோட்டும் எங்களிடம் உண்டு. படிப்பு முடிந்ததும் என் மகனின் ஸ்கேன் சென்டரிலேயே பணியில் அமர்த்தப்படும் வாய்ப்பு பரிசீலிக்கப்படும். மற்றவை நேரில்.

(அம்மா சொன்னபடியே எழுதுகிறேன். வயதாகிவிட்டது, மன்னிக்கவும்.) அண்ணா, நேற்றுப் போர்வை துவைத்தேன். இரண்டு போர்வையையும் அந்தக் கை மேலேயே போட்டேன். இரண்டையும் தாங்கியது. காலையில் போட்டது, ராத்திரி வரை கிடந்தது. பிள்ளைகள் வந்தார்கள், வாத்தியார் வந்தார், ஒருத்தரும் எடு என்று சொல்லவில்லை. நேற்று மட்டும் இல்லை, எப்போதுமே சொன்னதில்லை. போர்வை அண்ணா. இரண்டு போர்வை.

தங்கை


ஜூலை 18

தங்கச்சிக்கு,

உன் கடுதாசி வந்தது. போட்டோவும் வந்தது. அதில் இருக்கிற பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல பிள்ளைகள். ஒருத்தன் சிரிக்கிறான். எல்லாரும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருத்தர் கையும் மெஷின் மேல் இல்லை.

கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பதிலுக்குப் போர்வை வந்திருக்கிறது. இரண்டு போர்வையாம். பெருமை வேறு. அறிவு இருக்கிறதா உனக்கு? மனிதர்களைப் படம் எடுக்கிற மெஷினில் நாள் முழுக்கப் போர்வையைத் தொங்கவிட்டால், கை கால் உடைந்து வருகிறவனை எங்கே படுக்க வைப்பார்கள்? போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீ நிற்பாயா? விலை உயர்ந்த சாமான். மருமகன் பாவம், பெற்றவள் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறான் போல. மருமகனே, உன் அம்மாவுக்கு மாடியில் ஒரு கயிறு கட்டிக் கொடு.

இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிப் பட்டியல் வந்துவிட்டது. இவள் பெயர் இருக்கிறது. ஆகஸ்டு பன்னிரண்டுக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் மகன் அதை விட்டுவிடலாம் என்கிறான். "சொந்தக்காரன் மேலயே சந்தேகப்பட்டா அப்புறம் யாரதான்பா நம்புவ?" என்று என்னையே கேட்கிறான். எனக்குப் பேச வாயில்லை, ஏனென்றால் நீ எனக்கு ஒரு வார்த்தை தரவில்லை.

அண்ணியின் தலைமாட்டில் நின்றவள் நீ. அதை நினைத்துக்கொண்டு பதில் சொல்.

அண்ணன்


ஆகஸ்டு 2

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? போனில் கூப்பிட்டால் மருமகன் எடுத்து, "அம்மா தூங்குறாங்க மாமா" என்கிறான். எந்த நேரம் கூப்பிட்டாலும் தூங்குகிறாயாம். பிறந்ததிலிருந்து நீ இவ்வளவு தூங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை என் மகன் இவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான், சேர்த்துவிட. நான் தடுக்கவில்லை. தடுக்க என் கையில் எதுவும் இல்லை. இவள் பெட்டியைக் கட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. உன் மேல்தான் என்று வைத்துக்கொள்.

அண்ணன்


ஆகஸ்டு 4

ஐயா,

கீழ்க்கண்ட விவரங்களைத் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதும் நான், தங்கள் சகோதரியார் சொன்னபடி, அன்னாரின் வற்புறுத்தலின் பேரில், சற்றும் மாற்றாமல் எழுதுகிறேன். வசைச் சொற்களுக்கு நான் பொறுப்பல்ல.

டேய் மொட்டை,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி, கண் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லி, வெயிலில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். உனக்கு மண்டையில் முடிதான் இல்லை என்று நினைத்தேன். உள்ளேயும் ஒன்றும் இல்லை.

அறுபது வருஷத்துக்கு முன்னால் நான் உன் பம்பரத்தை ஒளித்து வைத்ததை நீ மறக்கவில்லை. உன் கல்யாணப் பந்தியில் நான் சொன்னது, எல்லாம் உனக்கு நினைவிருக்கிறது. ஆனால் கண் முன்னால் கிடக்கிற போர்வை உனக்குத் தெரியவில்லை. கடுதாசிக்குக் கடுதாசி துணி துணி என்று அடித்துக்கொள்கிறேன். வேலை செய்கிற மெஷினில் எவளாவது துணி காயப் போடுவாளாடா? போட விடுவார்களா? என் மகன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேறு எப்படிச் சொல்வேன்? புத்தி மழுங்கிவிட்டது என்று எனக்கே எழுதி அனுப்புகிறாய். அதையும் அவன் எனக்குச் சத்தமாக, இரண்டு தரம் வாசித்துக் காட்டினான்.

கேள். அது செத்த மெஷின். மூடிப்போன ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து காயலான் கடைக்குப் போக இருந்ததை இவன் வாங்கி வந்து சாயம் அடித்து வைத்திருக்கிறான். அந்த ரூமில் மெஷினுக்குக் கரண்டே இழுக்கவில்லை. ஒரே ஒரு ஈயக் கோட்டு. அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்ளும். போர்டில் வரைந்துதான் பாடம். இவனுடைய ஸ்கேன் சென்டரில் ஒரு டெக்னீஷியன் இருக்கிறான், இந்தப் பிள்ளைகள் போய் வாசலில் நின்றால் "போங்க போங்க, பேஷண்ட் இருக்காங்க" என்று விரட்டிவிடுவான். போன வருஷம் முடித்த பெண் ஒருத்தி என்னிடம் வந்து அழுதாள். "பாட்டி, எந்த ஆஸ்பத்திரிலயும் இந்த சர்டிபிகேட்ட திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கறாங்க" என்றாள். நான் அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினேன். வேறு என்ன செய்வேன்? நான் தின்கிற சோறும் அதே பிள்ளைகள் கட்டிய பணத்தில்தான். அது தொண்டையில் இறங்கவில்லை என்பதை எந்த மகனிடம் போய்ச் சொல்வேன்?

மாடியில் கயிறு கட்டு என்று நீ எழுதியதும்தான் அவனுக்கு உறைத்தது. அன்றே கட்டிவிட்டான். இனிமேல் நான் சொல்வதை எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான்.

பேத்தியை இங்கே அனுப்பாதே. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர். அண்ணி போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. வேறு சத்தம் கேட்காவிட்டாலும் அது கேட்கிறது.

இன்னொன்று. நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை. அதனால் என்னைத் திட்டி ஒரு கடுதாசி போடு. உன் பேத்தியை நான் வேலைக்காரி மாதிரி வைத்துக்கொள்வேன் என்று பயந்து அனுப்பவில்லை என எழுது. மானக்கேடாக எழுது. அவன் நம்ப வேண்டும். திட்ட உனக்குச் சொல்லியா தர வேண்டும்?

இதைக் கிழித்து அடுப்பில் போடு.

வாயாடி


ஆகஸ்டு 8

ஏய்,

உன்னைத் தங்கச்சி என்று கூப்பிடவே வாய் கூசுகிறது. உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

என் பேத்தி உன் வீட்டுக்கு வரமாட்டாள். மெஷினில் போர்வை காயப் போடுகிறவள் நாளைக்கு அந்தப் போர்வையைத் துவைக்க யாரைக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாதா? படிக்க வந்த பிள்ளை கையில் துடைப்பத்தைக் கொடுப்பாய். உன் குணம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பம்பரத்தை ஒளித்து வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து தேடியவள் நீ. உன் அண்ணி படுக்கையில் கிடந்தபோது வந்து அவளுக்குத் தலை சீவிவிட்டு, கால் பிடித்துவிட்டுப் போனாயே, அதை நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தாயா? சாகும் வரை மறக்கமாட்டேன்.

மருமகனே, உன் கல்லூரியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மாவைப் பற்றித்தான். அவளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ.

ஏய் வாயாடி, இனி இந்த வீட்டுக்கும் உனக்கும் பேச்சில்லை. இவள் எழுதிக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறாள். எழுதுடி, நிறுத்தாதே என்கிறேன். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி நான் சொல்லப் போவதில்லை. கொடுத்தால் கொடு.

மொட்டை


அக்டோபர் 15

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நலம். நமக்குள் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். தங்கள் மகன் என்னிடம் வருத்தம் தெரிவித்தார், நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா குறித்து வேறு வழியின்றி எழுதுகிறேன்.

தாங்கள் சொன்னபடி மாடியில் நைலான் கயிறு கட்டிக் கொடுத்தேன். இருந்தும், பெற்றோர்கள் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அம்மா மெஷின் ரூமில்தான் துணி போடுகிறார். சாவியை ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார். கேட்டால் மறந்துவிட்டதாகச் சொல்கிறார். சென்ற வாரம் ஒரு தகப்பனார் ஈரப் பாவாடைகளைப் பார்த்துவிட்டு, "சார், இதுல கரண்ட் இல்லையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா நடுவில் புகுந்து, "இருந்தா நான் ஈரத்துணிய போடுவேனாப்பா, ஷாக் அடிச்சிடாதா" என்றார். நாங்கள் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் அவர்கள் போய்விட்டார்கள். இப்படி இதுவரை சில குடும்பங்கள் சேராமல் திரும்பிவிட்டன.

நான் சத்தம் போட்டால் காது கேட்கவில்லை என்கிறார். வயதின் கோளாறு என்று டாக்டரும் சொல்கிறார். தாங்கள் திட்டினால் அம்மா கேட்பார். தயவுசெய்து கடுமையாக ஒரு கடிதம் எழுதுங்கள்.

தங்கள் மருமகன்


அக்டோபர் 24

மருமகனே,

உன் கடுதாசி வந்தது. இதை எழுதுகிறவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். பேத்தி ஹாஸ்டலில் இருக்கிறாள். சட்டையில் ஒரு சின்னப் பட்டை குத்தி விட்டிருக்கிறார்களாம், உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டிக்கொடுக்குமாம். முதல் வாரம் முழுக்க, நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் எங்கே வலிக்கிறது என்று கேட்பது எப்படி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்களாம். உன் அத்தைக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. அவள் செத்துப்போன பிறகுதான் இதையெல்லாம் நான் கேட்கிறேன்.

உனக்கு எழுத எனக்கு நிறைய இருக்கிறது. அந்தப் போட்டோ இன்னும் என் தலைமாட்டில் இருக்கிறது. சிரிக்கிறானே ஒரு பையன், அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். மருந்துக்கடைக்காரர் "இத எழுதட்டுமா பெரியவரே?" என்று கேட்கிறார். வேண்டாம் என்கிறேன். கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

உன் அம்மாவைத் திட்டச் சொன்னாய். திட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள். கீழே இருப்பதை அவள் காதில் விழும்படி, சத்தமாக வாசித்துக் காட்டு.

ஏய் வாயாடி, உன் முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மருமகன் கெஞ்சிக் கேட்டதால் எழுதுகிறேன். உனக்கு வெட்கம் இருக்கிறதா? வெளியார் வருகிற நாளில் பழம்பாவாடையைப் போட்டுக் குடும்ப மானத்தை வாங்குகிறாய். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? போடுகிறதுதான் போடுகிறாய், பார்க்க நன்றாக இருப்பதைப் போடு. பார்சலில் இரண்டு போர்வை அனுப்பியிருக்கிறேன். கம்பளிப் போர்வை, நல்ல கனம். நனைத்தால் காய ஒரு வாரம் ஆகும்.

மொட்டை